விமானி வேலை: மதுரைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் குடும்பங்கள் விமானிப் படிப்பைப் பற்றியும், ஏற்கெனவே பணியில் சேர்ந்துவிட்ட இளைஞர்கள் பணி நேரம், மருத்துவத் தகுதி, ஒப்பந்தம் ஆகியவற்றைப் பற்றியும் கேட்கும் கேள்விகளைத் திரட்டி, விமான நிறுவனத்தில் பறந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் டி.ஜி.சி.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருக்க வேண்டும்? அதன் பின் என்னென்ன கட்டங்கள் உள்ளன?

இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். வணிகவியல் பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இந்த இரண்டு பாடங்களையும் தனியாக எழுதித் தகுதி பெற்று வருகிறார்கள். ஆகவே பதினொன்றாம் வகுப்பில் வேறு குரூப் எடுத்துவிட்டோம் என்பதற்காக யாரும் ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. 16 வயதில் மாணவ விமானி உரிமமும் 18 வயதில் வணிக விமானி உரிமமும் பெறலாம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். வழிசெலுத்தல், வானிலையியல், விமான ஒழுங்குமுறை, தொழில்நுட்பம் என்று எழுதும் தாள்கள் ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. கேப்டனாவதற்கு உரிய ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 21 வயதும் 1500 மணி நேரமும் வேண்டும். நடைமுறையில் பெரிய நிறுவனங்கள் அதைவிடக் கூடுதலான அனுபவத்தையே கேட்கின்றன.

மதுரையில் இருந்து போய்வரும் தூரத்தில் பயிற்சிப் பள்ளி உண்டா?

அன்றாடம் போய்வரும் தூரத்தில் இல்லை. கோவில்பட்டிக்கு அருகே நாலாட்டின்புத்தூரில் உள்ள பழைய ஓடுதளத்தைப் பயிற்சிப் பள்ளிக்குப் பயன்படுத்தத் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் முயன்று வருகிறது. அது வந்தால் தென் மாவட்டங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். இப்போதைக்கு நம் பிள்ளைகள் வெளியூருக்கோ, உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாதமிக்கோ, மகாராஷ்டிரத்தில் கோந்தியாவுக்கோ, வெளிநாட்டுக்கோதான் போகிறார்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் சீருடையையும் பார்த்து மயங்க வேண்டாம். பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, எத்தனை பயிற்றுநர்கள் உள்ளனர், கடந்த அணியினர் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதிலைப் பள்ளி அலுவலகத்தில் கேட்பதைவிட, விடுதியில் தங்கியிருக்கும் மாணவர்களிடம் தேநீர்க் கடையில் கேட்பதே பயன் தரும். பட்டறையில் நிற்கும் விமானங்களையும் கணக்கில் சேர்த்துச் சொல்லும் பள்ளிகள் உண்டு. ஒன்றரை ஆண்டு என்று சொல்லிச் சேர்த்த படிப்பு மூன்று ஆண்டுக்கு இழுத்துக்கொண்டு போனால், விடுதிச் செலவும் வட்டியும் சேர்ந்து குடும்பத்தின் கணக்கையே புரட்டிப் போட்டுவிடும்.

மருத்துவப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும்?

கட்டணம் கட்டுவதற்கு முன்பு. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. முதலில் இரண்டாம் வகுப்புச் சான்றும், பிறகு தொழில்முறை விமானிக்கு உரிய முதல் வகுப்புச் சான்றும் பெற வேண்டும். முதல் வகுப்புக்கான தொடக்கப் பரிசோதனைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் நெடுங்காலமாகப் பெங்களூருவில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

கண்ணாடி அணிவது தடையன்று. கண்ணாடியுடன் பார்வை உரிய அளவுக்குத் திருந்தினால் போதும். நிறக்குருடு வேறு. புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டைகளை ஊரில் உள்ள கண் மருத்துவரிடமே பார்த்துவிடலாம். சில நூறு ரூபாயில் தெரிந்துவிடும் ஒரு குறையை, பல லட்சம் கட்டிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காது கேட்கும் திறன், இதயத் துடிப்புப் பதிவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவையும் பார்க்கப்படும். சான்று வாழ்நாள் முழுவதற்கும் உரியதன்று. பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையும், வயது ஏறிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே தாய் தந்தை இருவருக்கும் சர்க்கரை உள்ள வீட்டுப் பிள்ளை, இருபது வயதிலிருந்தே இரவு பத்து மணிப் பரோட்டாவைக் குறைத்துக்கொள்வதும் தொழில் சார்ந்த ஒரு முடிவுதான்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் தடையாகுமா?

தொடக்கத்தில் உழைப்பு கூடுதலாகத் தேவைப்படும், தடையாகாது. பன்னாட்டு அளவுகோலில் விமானியின் ஆங்கிலப் பேச்சுத் திறன் குறைந்தது நான்காம் நிலையில் இருக்க வேண்டும். நான்காம் நிலைக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் ஐந்தாம் நிலைக்கு ஆறு ஆண்டுக்கு ஒரு முறையும் மறுதேர்வு உண்டு. ஆறாம் நிலை எட்டியவருக்கு மறுதேர்வு இல்லை. வானொலியில் பேசும் தொடர்கள் வரையறுக்கப்பட்டவை என்பதால் அவற்றைப் பயிற்சியால் பிடித்துவிடலாம். சிரமம் தருவது நேர்முகத் தேர்வும், எதிர்பாராத கோளாறு வரும்போது அதை விளக்கிச் சொல்வதும்தான். உச்சரிப்பு மதுரை வாடையோடு இருப்பதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரே முறையில் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்? நிலத்தை அடமானம் வைத்துப் படிக்கவைக்கலாமா?

வணிக விமானி உரிமம் வரைக்கும் இன்று 50 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அதன் பிறகு, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்கு மேலும் பல லட்சம் தேவைப்படும். விமான நிறுவனங்களோடு இணைந்து நடத்தப்படும் கேடட் திட்டங்களில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோடியைத் தாண்டுவதும் உண்டு. கல்விக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் சொத்துப் பிணை கேட்கும். திருப்பிச் செலுத்துவது பொதுவாகப் படிப்புக் காலத்தோடு ஓராண்டு கழித்துத் தொடங்கும். ஆனால் உரிமம் பெற்ற ஓராண்டுக்குள் வேலை கிடைக்கும் என்று எந்த வங்கியும் உறுதி சொல்வதில்லை. தவணை தொடங்கிவிடும், சம்பளம் தொடங்கியிருக்காது.

கூடுதலாக உள்ள ஒரு மனையையோ, விற்றாலும் குடும்பம் ஆட்டம் காணாத நிலத்தையோ பிணையாக வைப்பதில் தவறில்லை. குடியிருக்கும் ஒரே வீட்டையும், தம்பி தங்கையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஒதுக்கிய பணத்தையும் இதில் இறக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இதைச் சொன்னதற்காக என்மீது வருத்தப்பட்ட தந்தையர் உண்டு. பள்ளிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாமல், பறந்து முடித்த மணிக்கணக்குக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும்படி எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். குறுக்கு வழி காட்டும் ஏஜென்ட்டுகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கியவர்கள் 2011-ல் கைது செய்யப்பட்டார்கள். பறக்காத மணி நேரத்தை, விமானியின் பறத்தல் பதிவேடான லாக் புக்கில் எழுதியவருக்கும் தொழில் அத்தோடு முடிந்துவிடும்.

உரிமம் கையில் வந்ததும் வேலை உறுதிதானே?

இல்லை. இந்தியாவில் 2023-ல் மட்டும் 1622 வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. அதே ஆண்டில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. இந்த எண்களைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு விமானிகளுக்குப் பஞ்சம் என்று முடிவுகட்டுகிறார்கள். பஞ்சம் இருப்பது அனுபவமுள்ள கேப்டன்களுக்குத்தான். புதிதாக உரிமம் பெற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். விமானங்கள் ஒரே நாளில் வந்து இறங்குவதுமில்லை. அவை பல ஆண்டுகளில் பகுதி பகுதியாக வருபவை, எஞ்சின் தட்டுப்பாடு வந்தால் அதுவும் தள்ளிப்போகும்.

அத்துடன், இந்தத் தொழிலில் நிறுவனமே காணாமற்போவது புதிதன்று. நம் மதுரைத் துணி ஆலைக் குழுமம் ஒன்றின் முயற்சியாக 2005-ல் சென்னையில் தொடங்கிய பாராமவுண்ட் ஏர்வேஸ், எம்ப்ரேயர் விமானங்களை அழகாக ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு 2010-ல் நின்றது. கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் நின்றன. ஒவ்வொரு முறையும் பல மாதச் சம்பள நிலுவையோடு விமானிகள் வெளியே வந்தார்கள். எம்ப்ரேயர் மட்டுமே ஓட்டிப் பழகியவர் மறுநாள் ஏர்பஸ்ஸில் உட்கார முடியாது. வேறு வகைக்கு மாறப் பயிற்சியும் காலமும் பணமும் வேண்டும். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் கார் வாங்குவதைத் தள்ளிவைத்து, ஆறு மாதத் தவணையைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்ட், நோட்டீஸ் காலம் என்கிறார்களே, கையெழுத்திடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

டி.ஜி.சி.ஏ. 2017-ல் கொண்டுவந்த விதியின்படி கேப்டன் ஓராண்டுக்கு முன்பும் துணை விமானி ஆறு மாதத்துக்கு முன்பும் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் விலக வேண்டும். வேறெந்தத் தனியார் வேலையிலும் இவ்வளவு நீண்ட காலத்தைக் காண்பது அரிது. விமானிகள் சங்கங்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றிருக்கின்றன. கேப்டனை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றும், திடீரென விலகினால் பயணிகள் பாதிக்கப்படுவார்கள் என்றும் நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் நியாயம் உண்டு. சம்பளத்தைக் காலத்தில் கொடுக்காத நிறுவனத்திலும் விமானி ஓராண்டு கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்ற எதிர்க்கேள்வியிலும் நியாயம் உண்டு.

பயிற்சிக்கு ஈடாக இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இடையில் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் பயிற்சி பாண்ட் தனி விஷயம். எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தொகை, ஆண்டு கழியக் கழியத் தொகை குறையுமா, நிறுவனமே உங்களை நீக்கினால் பாண்ட் என்ன ஆகும், சம்பளம் எத்தனை மணி நேரத்துக்கு உறுதி ஆகியவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விமானியின் வருமானத்தில் ஒரு பகுதி பறக்கும் நேரத்தைச் சார்ந்தது. கொரோனா காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது அந்தப் பகுதி என்ன ஆயிற்று என்பதை எல்லோரும் கண்டார்கள். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஒரு வழக்கறிஞரிடம் இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்வது வீண் செலவாகாது.

மதுரையில் குடும்பத்தை வைத்துக்கொண்டு பணியாற்ற முடியுமா?

முடிகிறவர்கள் இருக்கிறார்கள், எளிதன்று. நிறுவனங்கள் விமானிகளை நிறுத்தும் தளங்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி, மும்பை, தில்லி போன்ற பெருநகரங்களே. மதுரைக்கு வரும் விமானத்தை ஓட்டி வருபவர், பயணிகள் இறங்கி ஏறிய அரை மணி நேரத்தில் திரும்பிப் போய்விடுவார். சொந்த ஊரில் தரையிறங்கியும் வீட்டுக்குப் போக முடியாமல், கண்ணாடி வழியே திருப்பரங்குன்றத்து மலையைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது எங்கள் ஊர் விமானிகளுக்குப் பழகிய ஒன்று.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. விடுமுறையின் கடைசி நிமிடம் வரை வீட்டில் இருந்துவிட்டு, பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, அப்படியே சீருடை மாற்றிக்கொண்டு பணிக்குப் போகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ரோஸ்டர் எனப்படும் பணி அட்டவணைக் காகிதத்தில் அந்த இரவு முழுவதும் அவர் ஓய்வில் இருந்ததாகவே பதிவாகும். உடம்பு அந்தக் காகிதத்தைப் படிப்பதில்லை. ஒரு நாள் முன்னதாகப் போய்த் தூங்க இடமில்லாதவர், தளம் இருக்கும் ஊருக்கே குடும்பத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் இப்போதுள்ள விதி என்ன? 2025 டிசம்பரில் விமானங்கள் ரத்தானதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. திருத்திய விதிகளை வெளியிட்டது. வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. முன்பு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்றிருந்த இரவுப் பணி நேரம் 6 மணி வரை நீட்டிக்கப்பட்டது. இரவுப் பணியில் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. இரவுப் பணியில் பறப்பது 8 மணி நேரத்துக்குள்ளும், மொத்தப் பணி 10 மணி நேரத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்றாயிற்று. ஓராண்டில் 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்ற உச்ச வரம்பு முன்பிருந்தே உள்ளது. அந்த 1000 மணி நேரத்தைக் கேட்டு, அரசு ஊழியரைவிடக் குறைவான வேலை என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது விமானம் நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் மட்டுமே. தயாரிப்பு, காத்திருப்பு, அழைத்தால் வரத் தயாராக இருக்கும் ஸ்டேண்ட்பை, பயணியாக அமர்ந்து மற்றோர் ஊருக்குப் போய்ச் சேருதல் எதுவும் அதில் இல்லை.

நிறுவனங்கள் கால அவகாசம் கேட்க, விமானிகள் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாட, விதிகள் 2025 ஜூலை 1 அன்று ஒரு பகுதியாகவும் நவம்பர் 1 அன்று மறு பகுதியாகவும் நடைமுறைக்கு வந்தன. இரவுப் பணிக்கான கட்டுப்பாடுகள் இரண்டாம் பகுதியில் இருந்தன. அதற்கு வேண்டிய எண்ணிக்கையில் விமானிகளைத் தயார்செய்து வைக்காத நிலையில், டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின; மதுரையிலும் பயணிகள் பெட்டிகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை சில விலக்குகள் அளிக்கப்பட்டன. அப்போது பலர் விமானிகள் ஓய்வு கேட்டதால்தான் இந்தக் குழப்பம் என்று பேசினார்கள். விதி வெளியாகி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த குழப்பம் அது. ஆள் எடுக்கவும் பயிற்சி தரவும் அந்தக் காலம் போதுமா, போதாதா என்று கேட்பதே முறையான கேள்வி.

ஓய்வு எதற்காக என்பதை மங்களூரு விபத்து காட்டியது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து விடியற்காலையில் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேசை போன்ற குன்றின் மேலுள்ள ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்ததில் 158 பேர் இறந்தார்கள். கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருந்ததையும், தூக்கக் கலக்கம் தெளியாத நிலையில் முறையற்ற உயரத்திலிருந்து இறங்கியதையும், துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலேறிப் போகச் சொல்லியும் அவர் கேட்கவில்லை என்பதையும் விசாரணைக் குழு பதிவு செய்தது. பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை மனித உடம்பின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். இரவுத் தரையிறக்கங்களைக் குறைக்கும் விதி அந்த நேரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

களைப்பாக இருக்கிறது, பறக்க முடியாது என்று சொன்னால் நிறுவனம் ஏற்குமா?

சட்டப்படி ஏற்க வேண்டும். களைப்பை உணரும் விமானி பறக்கக் கூடாது, அவரைப் பறக்கச் சொல்லவும் கூடாது. களைப்பு பற்றிய அறிக்கைகளை நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒரு முறை டி.ஜி.சி.ஏ.வுக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்றும் புதிய விதி சொல்கிறது. நடைமுறையில், துணை விமானியாகச் சேர்ந்து சில மாதமே ஆனவர் இரவு பதினொரு மணிக்கு ரோஸ்டர் பிரிவுக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லத் தயங்குகிறார். சொல்லும்போது காரணத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தூங்கிய நேரத்தையும் முந்தைய பணிகளையும் தேதியோடு எழுத்தில் கொடுங்கள். வயிற்றுவலி என்று பொய் சொல்லி விடுப்பு எடுத்தால் அன்றைய தொல்லை தீரும். அந்த ரோஸ்டரில் உள்ள குறை யாருக்கும் தெரியாமலே போகும்.

மூச்சுப் பரிசோதனையில் மது அருந்தாதவரும் சிக்கக்கூடுமா?

சிக்கக்கூடும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது கூடாது என்பது விதி. புறப்படும் முன் நடக்கும் பரிசோதனையில் கருவி சுழியம் காட்ட வேண்டும். முதல் முறை சிக்கினால் மூன்று மாதமும், இரண்டாம் முறை மூன்று ஆண்டும் உரிமம் நிறுத்திவைக்கப்படும். மூன்றாம் முறை உரிமமே ரத்தாகும்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய பொருள் தசமூலாரிஷ்டம். அரிஷ்டங்களும் ஆசவங்களும் நொதிக்கவைத்துச் செய்யப்படுபவை. அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. அதிகாலை நான்கு மணிப் பணிக்குக் கிளம்பும் மகனுக்கு வயிறு சரியில்லை என்று அம்மா இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்துவிடுவார். மகன் பரிசோதனை அறையில் குழாயை வாயில் வைத்து ஊதுவார், கருவியில் எண் ஏறும், அருகில் நிற்கும் மருத்துவ அலுவலர் பதிவேட்டைத் திறப்பார். சில இருமல் மருந்துகளும், ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவங்களும் இவ்வாறே சிக்கலில் மாட்டிவிடும். எந்த மருந்தானாலும் நிறுவன மருத்துவரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

சர்க்கரையோ இரத்த அழுத்தமோ வந்துவிட்டால் வேலை போய்விடுமா? சிலர் மறைக்கிறார்களே?

முறையாகத் தெரிவித்து, அனுமதிக்கப்பட்ட மருந்தால் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் பலர் தொடர்ந்து பறக்கிறார்கள். சில மாதம் தற்காலிகத் தகுதியின்மை வரலாம். அது வேலை இழப்பாகாது. மறைப்பதுதான் ஆபத்து. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் தரையிறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதளத்தைத் தாண்டிச் சரிந்து, விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். விதிமுறையை மீறித் தரையிறக்கத்தைத் தொடர்ந்ததை முதன்மைக் காரணமாகச் சொன்ன விசாரணை அறிக்கை, கேப்டன் மருத்துவர் பரிந்துரைக்காத சர்க்கரை மருந்துகளையும் எடுத்து வந்ததைக் குறிப்பிட்டது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து புறப்படும் விமானத்துக்கும் அவரே கேப்டன். அங்கே போதிய கேப்டன்கள் இல்லாததால், எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கலாம் என்றும் அந்த அறிக்கை சொன்னது. உடல்நலம், ஆள் பற்றாக்குறை, வானிலை மூன்றும் ஒரே இரவில் ஒரே இருக்கையில் வந்து கூடின.

மனநலத்துக்கும் இதே பதில்தான். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே மலையில் மோதவிட்டு 150 பேர் இறந்த பிறகு, விமானிகள் மனச்சோர்வை அஞ்சாமல் சொல்ல வழி வேண்டும் என்ற கருத்து வலுத்தது. இந்தியாவிலும் 2023 முதல் சக விமானியிடம் ரகசியமாகப் பேசும் உதவித் திட்டங்களை டி.ஜி.சி.ஏ. வலியுறுத்துகிறது. மனநல மருத்துவரிடம் போனால் ஊரில் பேச்சு வரும் என்று அஞ்சும் குடும்பங்கள், மகன் தூக்கமில்லாமல் தவிப்பதை ஜாதகக் கோளாறாகத் தள்ளிவிட வேண்டாம்.

மதுரையில் தரையிறங்குவதில் தனிச் சிரமங்கள் உண்டா? விமானம் இறங்காமல் மேலேறிப் போவது ஏன்?

மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்காக 2285 மீட்டர் நீளம் உடையது. ஏ320, போயிங் 737, ஏ.டி.ஆர். ஆகியவற்றுக்குப் போதும், பெரிய அகல உடல் விமானங்களுக்குப் போதாது. அதனால்தான் 12,500 அடியாக நீட்டும் திட்டமும், சுற்றுச்சாலையை அடியில் கொண்டுபோகும் யோசனையும், சின்ன உடைப்பு கிராம மக்களின் எதிர்ப்பும் நெடுநாளாகப் பேசப்படுகின்றன. மே மாத நடுப்பகலில் 40 பாகை வெயிலில் காற்று லேசாகிவிடுவதால், புறப்படும் விமானத்துக்குக் கூடுதல் தூரம் தேவைப்படும். தேவையானால் சுமையைக் குறைப்பார்கள். உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள் வழியே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாயும் காற்று நேர் மேற்கிலிருந்து வந்தால் ஓடுதளத்துக்கு நேராக இருக்கும். தென்மேற்காகத் திரும்பும்போது விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும், விட்டு விட்டு வீசும்போது வேகமும் ஏறி இறங்கும். சுற்றிலும் கண்மாய்கள் இருப்பதால் கொக்கும் பருந்தும் மயிலும் உண்டு. விமான நிலையத்தைச் சுற்றிய 10 கிலோமீட்டருக்குள் குப்பையும் இறைச்சிக் கழிவும் கொட்டக் கூடாது என்பது சட்டம். அதை யார் மதிக்கிறார்கள் என்பதைச் சுற்றுச்சாலையில் போகிறவர்கள் அறிவார்கள்.

தரையிலிருந்து 1000 அடி உயரத்துக்கு வருவதற்குள் வேகமும் பாதையும் இறங்கும் வீதமும் நிலைப்பட்டிருக்காவிட்டால், விமானி மேலேறி மறுபடி வர வேண்டும். இதற்காக அவரைத் தண்டிப்பதில்லை. இரண்டாம் முறையும் முடியாவிட்டால் திருச்சிக்கோ, திருவனந்தபுரத்துக்கோ, கொச்சிக்கோ போவதற்கான எரிபொருள் புறப்படும்போதே கணக்கிட்டு நிரப்பப்பட்டிருக்கும். மேலேறும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பயணிக்கு அது பயமாக இருக்கும். விமானிக்கோ அது விமானி அறையைப் போலவே இயங்கும் சிமுலேட்டர் என்ற பயிற்சிக் கருவியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழகும் சாதாரண வேலை.

விமான நிறுவனத்தை விடத் தனியார் ஜெட், ஹெலிகாப்டர் ஓட்டும் கார்ப்பரேட் வேலை மேலானதா?

சிலருக்குப் பொருந்தும். ஒழுங்கான ரோஸ்டரும் பணிமூப்பும் நிறுவன வேலையில் கிடைக்கும். கார்ப்பரேட் வேலையில் பறக்கும் மணி நேரம் குறைவு, காத்திருக்கும் நேரம் அதிகம். காலை எட்டு மணிக்கு மதுரையில் இறங்கிய முதலாளி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டு எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அதுவரை விமானி வானிலையைப் பார்த்துக்கொண்டு, எரிபொருளுக்கும் நிறுத்துமிடத்துக்கும் ஆள் பிடித்துக்கொண்டு, பயணப்பெட்டிகளையும் தாமே ஏற்றிக்கொண்டு இருப்பார். நிறுவனத்தில் பத்துப் பேர் செய்யும் வேலையை இங்கே இரண்டு விமானிகள் செய்வார்கள். பணி நேர வரம்பு இங்கும் உண்டு. அதைக் கணக்குவைத்துச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் விமானியே.

கடினமான பகுதி, முடியாது என்று சொல்வது. மதுரையில் இறங்கி ராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ ஹெலிகாப்டரில் போகும் பிரமுகர்கள் உண்டு. பழனி மலையில் மேகம் இறங்கிவிட்டால் காத்திருக்க வேண்டும் என்பது விமானிக்குத் தெரியும். மேடையில் கூட்டம் காத்திருப்பது பிரமுகருக்குத் தெரியும். 2001 செப்டம்பரில் முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியாவும், 2009 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் ஒய். எஸ். ராஜசேகர ரெட்டியும் மோசமான வானிலையில் நடந்த பயணங்களில் உயிரிழந்தார்கள். பறப்பதா, திரும்புவதா என்ற இறுதி முடிவு தலைமை விமானியுடையது என்று சட்டம் சொல்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்திய விமானியை முதலாளி மறுமாதம் எப்படி நடத்துகிறார் என்பதை, சேரும் முன் அங்கே முன்பு வேலை பார்த்தவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பு கேட்க வேண்டியது அதுதான்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா?

தயங்காமல் அனுப்பலாம். பெண் விமானிகளின் பங்கு இந்தியாவில் உலகச் சராசரியைப் போல் இரு மடங்குக்கும் மேல். தேர்வும் சம்பளமும் பணிமூப்பும் இருபாலருக்கும் ஒன்றே. விசாரிக்க வேண்டியவை மகப்பேறு விடுப்பும், அதற்குப் பின் மறுபயிற்சிச் செலவை ஏற்பது யார் என்பதும், இரவு வண்டி ஏற்பாடும்தான். மாப்பிள்ளை வீட்டார் ரோஸ்டரைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பது ஒரு தனிப் பிரச்சினை, அதற்கு டி.ஜி.சி.ஏ.விடம் விதி இல்லை.

எத்தனை வயது வரை பறக்கலாம்? அதற்கு முன்பே உடல் தகுதி போய்விட்டால் என்ன வழி?

பயணிகள் விமானங்களில் 65 வயது வரை. அதன் பிறகு தரைவழிப் பயிற்றுநராகவும், சிமுலேட்டர் பயிற்றுநராகவும், பாதுகாப்புப் பிரிவிலும் பணியாற்றலாம். நடுவயதில் தகுதி இழப்பவருக்கு உரிம இழப்புக் காப்பீடு கைகொடுக்கும். நிறுவனம் அதை எடுத்திருக்கிறதா, தற்காலிகத் தகுதியின்மைக்கும் தொகை உண்டா, எந்த நோய்களுக்கு விலக்கு என்பதைச் சேரும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் எடுக்கவில்லையென்றால் சொந்தச் செலவில் எடுங்கள், அதையும் முதல் மருத்துவக் குறிப்பு கோப்பில் ஏறுவதற்கு முன்பே எடுங்கள். தனியார் நிறுவனங்களில் வருங்கால வைப்பு நிதி கிடைக்கும். அரசு வேலையைப் போன்ற ஓய்வூதியத்தை எதிர்பார்க்க முடியாது என்பதால், கல்விக் கடன் முடிந்த மாதத்திலிருந்து அதே தவணைத் தொகையைச் சேமிப்பில் போட்டுவருவது நல்லது.